லினக்ஸில் 1024×768-க்கு மேல் ரெசல்யூஷன் ஏறவில்லை: டிரைவரா, கேபிளா, மானிட்டரா?

மின்மினி (கேள்வி)

லினக்ஸ் மின்ட் 22, சினமன், எக்ஸ்.ஆர்க் செஷன். கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1650. மானிட்டரின் இயல்பான அளவு 2560×1440, இணைப்பு எச்டிஎம்ஐ. இரண்டு கணினிகளுக்குப் பொதுவாக நடுவில் ஒரு கேவிஎம் பெட்டி (ஒரே மானிட்டர், கீபோர்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் ஸ்விட்ச்) இருக்கிறது. டிரைவர் மேனேஜரில் 550 டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவி, ரீபூட் செய்தாகிவிட்டது. நிறுவும்போது பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

ஆனால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1024×768 ஒன்றுதான் இருக்கிறது. திரை அளவுகளைப் பட்டியலிட்டு மாற்றும் எக்ஸ்ரேண்டர் கமாண்டும் "நன்-1" என்று ஒரே ஒரு அவுட்புட்டையும், அதன் கீழ் அந்த ஒரே அளவையும்தான் காட்டுகிறது. சிவிடி கமாண்டில் மோட்லைன் (ஒரு திரை அளவுக்கான நேரக்கணக்கு வரி) எடுத்து, எக்ஸ்ரேண்டரில் நியூமோட், ஆட்மோட் இரண்டும் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் அந்த மோடுக்கு மாற்றும்போது "கான்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்டு" என்று நின்றுவிடுகிறது. கிரப் ஃபைலில் கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியை மாற்றியதில் பூட் மெனுவின் எழுத்து சிறியதானதே தவிர டெஸ்க்டாப் மாறவில்லை. அடுத்து எங்கே பார்க்க வேண்டும்?

---

கர்னல்கிறுக்கன்

எக்ஸ்ரேண்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். "நன்-1" என்ற பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. உண்மையான டிரைவர் வேலை செய்தால் அவுட்புட்டின் பெயர் எச்டிஎம்ஐ என்றோ டிபி என்றோ தொடங்கும். "நன்-1" வந்தால், பூட் ஆகும்போது யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற பிரேம்பஃபரை (திரைப் படம் வைக்கப்படும் நினைவகப் பகுதி) கர்னலின் சிம்பிள்டிஆர்எம் என்ற பொது டிரைவர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த டிரைவருக்கு அளவை மாற்றவே தெரியாது. ஃபர்ம்வேர் என்ன அளவில் கொடுத்ததோ அதுதான். நீங்கள் எத்தனை மோட்லைன் சேர்த்தாலும் பட்டியலில் பெயர் ஏறுமே ஒழிய, கார்டின் கடிகாரத்தை மாற்றிவைக்க அங்கே ஆள் கிடையாது. சிஆர்டிசி பிழை அதனால்தான்.

டெர்மினலில் இந்த நான்கையும் ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டுங்கள்:

எல்எஸ்பிசிஐ, மைனஸ் கே தெரிவோடு. விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் வரிக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். "கர்னல் மாட்யூல்ஸ்" வரியில் என்விடியா, நூவோ (என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவர்) என்று பெயர்கள் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பொருந்தக்கூடிய மாட்யூல்களின் பட்டியல். எது உண்மையில் ஏறியிருக்கிறது என்பதை "இன் யூஸ்" வரி மட்டுமே சொல்லும்.

/ப்ராக்/சிஎம்டிலைன் ஃபைல். கர்னல் எந்தத் தெரிவுகளோடு பூட் ஆனது என்று அது சொல்லும். அதில் "நோமோட்செட்" (திரை அளவைக் கர்னல் டிரைவர்கள் மாற்றக்கூடாது என்ற தெரிவு) என்ற சொல் இருக்கிறதா?

டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டும் கருவி) ஸ்டேட்டஸ். இப்போது ஓடும் கர்னலின் எண்ணோடு "இன்ஸ்டால்டு" என்று வர வேண்டும். ஓடும் கர்னல் எதுவென்று யூநேம் மைனஸ் ஆர் சொல்லும்.

கடைசியாக, சூடோ மோட்ப்ரோப் என்விடியா. இதுதான் முக்கியம், ஏனென்றால் பிழைச்செய்தியை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்றால் இந்தக் கர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவே இல்லை; பெரும்பாலும் கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லாததுதான் காரணம். "நோ சச் டிவைஸ்" என்றால் மாட்யூல் ஏறப்பார்த்து, கார்டைக் கண்டு திரும்பிவிட்டது: நூவோ ஏற்கெனவே கார்டைப் பிடித்திருக்கும், இல்லையென்றால் அந்த டிரைவர் வரிசையில் உங்கள் கார்டுக்கு ஆதரவு இல்லை. "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்றால், ஏற்கப்படாத கையொப்பமுள்ள மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட்.

---

புதியரூட்

இவ்வளவு எதற்கு? என்விடியா தளத்தில் இருந்து ரன் ஃபைலை இறக்கி நிறுவுங்கள், முடிந்தது.

---

கர்னல்கிறுக்கன்

@புதியரூட் வேண்டாம். ஏற்கெனவே பேக்கேஜாக டிரைவர் இருக்கும் சிஸ்டத்தில் ரன் ஃபைலை ஓட்டினால், அதே லைப்ரரி ஃபைல்களின் மேல் இன்னொரு பதிப்பு வந்து உட்காரும். அதைப் பற்றி, பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஏபிடி-க்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் ஏபிடி சில ஃபைல்களை மட்டும் மாற்றும். கர்னல் மாட்யூல் ஒரு பதிப்பு, லைப்ரரி வேறு பதிப்பு என்றாகி, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்ட் "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைவிட, மாட்யூலை ஏற்றவிடாதது செக்யூர் பூட் என்றால் கையொப்பமில்லாத ரன் ஃபைல் மாட்யூலும் அதே வாசலில்தான் நிற்கும்.

---

மின்மினி

எல்எஸ்பிசிஐ-யில் "இன் யூஸ்" வரியே இல்லை. மாட்யூல்ஸ் வரியில் மட்டும் நூவோ, என்விடியா_டிஆர்எம், என்விடியா மூன்றும் இருக்கின்றன. டிகேஎம்எஸ்-இல் ஓடும் கர்னலுக்கே "இன்ஸ்டால்டு". மோட்ப்ரோப் சொல்வது "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்". சிஎம்டிலைனில் நோமோட்செட் இருக்கிறது. மின்ட் நிறுவும்போது கம்பேட்டிபிலிட்டி மோடில் பூட் செய்தது அப்படியே தங்கிவிட்டது போலிருக்கிறது.

---

கர்னல்கிறுக்கன்

சரி, மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, கையொப்பமும் இடப்பட்டிருக்கும். அந்தக் கையொப்பத்துக்குரிய சாவியை உங்கள் மதர்போர்டு இன்னும் ஏற்கவில்லை, அவ்வளவுதான். டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்திருக்கும். அதில் முதல் தெரிவு "கன்டினியூ பூட்". பலர் அதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் சரி என்று தோன்றும்.

மறுபடி செய்யுங்கள். முதலில், இந்தச் சாவிகளைக் கையாளும் மோக்யூடில் கமாண்டை எஸ்பி-ஸ்டேட் தெரிவோடு ஓட்டி, செக்யூர் பூட் "எனேபிள்டு" என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உபுண்டு, மின்ட் குடும்பத்தில் சாவி /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் அடைவில் மோக்.டெர் என்ற பெயரில் இருக்கும். மோக்யூடிலின் டெஸ்ட்-கீ தெரிவில் அந்த ஃபைலைக் கொடுத்தால், ஏற்கப்பட்டதா இல்லையா என்று சொல்லும். இல்லை என்றால் சூடோவுடன் இம்போர்ட் தெரிவில் அதே ஃபைலைக் கொடுங்கள். ஒரு தற்காலிக பாஸ்வேர்டு கேட்கும். அதில் குறியீடுகள் வேண்டாம். நீலத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும், வேறு லேஅவுட் வைத்திருப்பவர்களுக்குக் குறியீடுகள் இடம் மாறிவிடும். எட்டு இலக்க எண் போதும்.

ரீபூட் செய்ததும் திரையை விட்டு நகராதீர்கள். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தவில்லை என்றால் அது தன் பாட்டுக்குப் பூட் ஆகிவிடும், திரும்ப இம்போர்ட்டில் இருந்து தொடங்க வேண்டியதுதான். உள்ளே போனதும் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட்.

நோமோட்செட்டையும் எடுத்துவிடுங்கள். என்விடியாவின் சொந்த மாட்யூல் அதைக் கண்டுகொள்ளாமல் ஏறிவிடக்கூடும். ஆனால் இன்டெல் ஐ915, ஏஎம்டிஜிபியு, நூவோ மூன்றும் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒதுங்கிவிடும். /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்ற வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்துவிட்டு, சூடோ அப்டேட்-கிரப். எழுதி முடித்ததும் அப்டேட்-கிரப் ஓட்ட மறப்பவர்கள் நிறையப் பேர்; ஃபைல் சரியாக இருக்கும், பூட் பழையபடியே போகும். ரீபூட்டுக்குப் பிறகு /ப்ராக்/சிஎம்டிலைனைப் பார்ப்பதே சரியான சோதனை.

திரை கறுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் டெக்ஸ்ட் கன்சோல் வரும். அதுவும் வராவிட்டால் கிரப் மெனுவில் "இ" விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும்.

---

மின்மினி

சாவி ஏறிவிட்டது. என்விடியா-எஸ்எம்ஐ கார்டைக் காட்டுகிறது, எல்எஸ்பிசிஐ-யிலும் "இன் யூஸ்: என்விடியா". எக்ஸ்ரேண்டரில் இப்போது எச்டிஎம்ஐ-0 "கனெக்டட்". ஆனால் அளவு அதே 1024×768 வரைதான்! பட்டியலில் 800×600, 640×480 கூட வந்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

பிக்சல்பாண்டி

இப்போது வந்திருப்பது வேறு வியாதி, அறிகுறி மட்டும் ஒன்று. முன்பு 1024×768 ஃபர்ம்வேர் கொடுத்தது. இப்போது டிரைவர், மானிட்டர் யார் என்று தெரியாமல், எந்த மானிட்டரும் தாங்கும் அளவாகப் பார்த்துக் கொடுத்தது. கர்னலிலேயே உள்ள டிரைவர்களிலும் இப்படித்தான்: ஈடிஐடி கிடைக்காவிட்டால் 1024×768 வரையான பொது அளவுகளை மட்டும் சேர்க்கும்படிதான் டிஆர்எம் (கர்னலில் திரையைக் கையாளும் பகுதி) நிரல் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த எண்ணைப் பார்த்தாலே முதலில் ஈடிஐடி-யைச் சந்தேகிக்கலாம்.

தெரியாதவர்களுக்கு: ஈடிஐடி என்பது மானிட்டருக்குள் இருக்கும் 128 பைட் கொண்ட ஒரு தொகுதி, பெரும்பாலும் கூடவே இன்னொரு 128 பைட் நீட்சி. தயாரிப்பாளர், மாடல், எந்தெந்த அளவுகள், எந்தெந்த ரெஃப்ரெஷ் என்று எல்லாம் அதில் இருக்கும். கார்டு அதை ஐ2சி என்ற தொடர்பு வழியில் 0x50 என்ற முகவரியில் படிக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் இதற்கென்று 15, 16 ஆம் பின்கள். 18 ஆம் பின் 5 வோல்ட், 19 ஆம் பின் ஹாட்-ப்ளக். படம் போகும் கம்பிகள் வேறு, இவை வேறு. படம் தெளிவாகத் தெரிகிறது, கேபிளில் கோளாறே இருக்காது என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் 15 அல்லது 16 அறுந்திருந்தால் படம் வரும், ஈடிஐடி மட்டும் வராது. விஜிஏ-வில் 12, 15 ஆம் பின்கள்.

உங்களிடம் கேவிஎம் பெட்டி இருக்கிறது, சந்தேகம் அதன் மேல்தான். மலிவான பெட்டிகள் பல இந்த இரண்டு கம்பிகளையும் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கு மட்டுமே இணைக்கின்றன. பூட் ஆகும்போது ஸ்விட்ச் மற்ற கணினியின் பக்கம் இருந்தால் உங்கள் கார்டு கேட்கும் கேள்விக்குப் பதில் வராது.

சோதிப்பது எளிது. /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவுக்குள் கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1 மாதிரி ஓர் அடைவு இருக்கும் (எண் கார்டு1 ஆகவும் இருக்கலாம்), அதற்குள் ஈடிஐடி என்ற ஃபைல். எல்எஸ் மைனஸ் எல் கொடுத்து அளவைப் பார்க்காதீர்கள். உள்ளே தரவு இருந்தாலும் எல்எஸ் 0 என்றுதான் காட்டும், அது சிஸ்எஃப்எஸ்-இன் (/சிஸ் அடைவின்) சுபாவம். கேட் கமாண்டில் எடுத்து டபிள்யூசி மைனஸ் சி-க்கு அனுப்புங்கள். 128, 256, 384 என்று வந்தால் ஈடிஐடி படிக்கப்பட்டிருக்கிறது. 0 வந்தால் இல்லை. என்விடியாவில் இந்த அடைவே தெரியவில்லை என்றால் என்விடியா_டிஆர்எம் மாட்யூலின் மோட்செட் அளவுரு அணைந்திருக்கிறது. /சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட் ஃபைலில் ஒய் என்று இருக்க வேண்டும்.

கேவிஎம் வழியாக ஒரு முறை, நேரடிக் கேபிளில் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

---

மின்மினி

கேவிஎம் வழியாக 0. நேரடியாக 256, உடனே 2560×1440 பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் பெட்டி இல்லாமல் முடியாது. மோட்லைனைக் கையால் சேர்த்தால் போதுமா? எச்டிஎம்ஐ-0-க்கு ஆட்மோட் கொடுத்தால் "பேட்மேட்ச்" வருகிறது.

---

பிக்சல்பாண்டி

என்விடியாவின் சொந்த டிரைவரில் எக்ஸ்ரேண்டர் நியூமோட் வழி அடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் ஈடிஐடி-யோடு ஒத்துப்போகாத மோடை அது சரிபார்த்துத் தள்ளிவிடும், பேட்மேட்ச் அதனுடைய குரல். மோடு வேலிடேஷன் தெரிவில் சோதனைகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லும் பதில்கள் இணையத்தில் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதை விட, அவர் கேட்கும் சீட்டைக் கொடுப்பது மேல். உங்களிடம்தான் இப்போது சரியான ஈடிஐடி இருக்கிறதே.

நேரடியாக இணைத்த நிலையில், அந்த சிஸ்எஃப்எஸ் ஈடிஐடி ஃபைலை கேட் மூலம் /ஈடிசி/எக்ஸ்11/மானிட்டர்.பின் என்று சேமியுங்கள். ஈடிஐடி-டீகோட் கமாண்டில் ஓட்டிப் பாருங்கள். செக்சம் பற்றி எந்தப் புகாரும் வரக்கூடாது. (128 பைட்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். பாதி படித்த ஃபைல் இதில் அகப்பட்டுக்கொள்ளும்.) முதல் எட்டு பைட்கள் 00, ஆறு எஃப்எஃப், மறுபடி 00 என்று இருக்கும்.

பிறகு /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவில் 20-ஈடிஐடி.கான்ஃப் என்று ஒரு ஃபைல். உள்ளே ஒரு டிவைஸ் பிரிவு: ஐடென்டிஃபையர் எதுவாகவும் இருக்கலாம், டிரைவர் என்விடியா, கஸ்டம்ஈடிஐடி என்ற ஆப்ஷனுக்கு மதிப்பு "எச்டிஎம்ஐ-0" பிறகு முக்காற்புள்ளி பிறகு பின் ஃபைலின் முழுப் பாதை. ஸ்விட்ச் மறுபக்கம் இருக்கும்போது பூட் செய்வீர்கள் என்றால் கனெக்டட்மானிட்டர் ஆப்ஷனுக்கும் எச்டிஎம்ஐ-0 என்று கொடுங்கள். ஹாட்-ப்ளக் சமிக்ஞை இல்லாவிட்டாலும் மானிட்டர் இருப்பதாகவே டிரைவர் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. மானிட்டரின் எச்டிஎம்ஐ வாயும் டிஸ்ப்ளேபோர்ட் வாயும் வெவ்வேறு ஈடிஐடி தரும். எந்த வாயில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே எடுங்கள். இரண்டாவது, இதைப் படிக்கும் லேப்டாப்காரர்களுக்கு: இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த ஹைப்ரிட் கணினியில் இப்படி டிவைஸ் பிரிவு போட்டால் உள்திரை கறுத்துவிட வாய்ப்பு அதிகம். அங்கே இந்த வழி வேண்டாம்.

---

ஹெர்ட்ஸ்_ஹரி

கேள்வியில் ஒன்று விட்டுப்போயிற்று. @மின்மினி முதலில் சிவிடி-யில் எடுத்த மோட்லைன் எது? மைனஸ் ஆர் (வெற்று நேரத்தைக் குறைக்கும் தெரிவு) போட்டீர்களா? டிரைவர் சரியாக இருந்தாலும் அது இல்லாமல் வேறு ஒரு குழியில் விழுந்திருப்பீர்கள். எண்களைப் பாருங்கள்.

2560×1440, 60 ஹெர்ட்ஸுக்கு சாதாரண சிவிடி தருவது 312.25 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக். கிடைமட்ட மொத்தம் 3488, செங்குத்து மொத்தம் 1493. மைனஸ் ஆர் போட்டால் 241.50 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 2720, 1481. கண்ணுக்குத் தெரியும் படம் இரண்டிலும் ஒன்றே. பழைய சிஆர்டி குழாயில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்ப நேரம் வேண்டும்; அந்த வெற்று நேரத்தைத்தான் சாதாரண சிவிடி இன்னமும் ஒதுக்குகிறது. எல்சிடி-க்கு அது தேவையில்லை.

1920×1080-இல் இது இன்னும் கடி. சாதாரண சிவிடி 173.00, மைனஸ் ஆர் 138.50, டிவிகளுக்கான தர அளவு 148.50. சிங்கிள்-லிங்க் டிவிஐ-யின் உச்சவரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். பழைய டிவிஐ மானிட்டரிலோ சாதாரண டிவிஐ-எச்டிஎம்ஐ அடாப்டரிலோ, இணையத்தில் கண்ட 173.00 மோட்லைனை ஒட்டிவிட்டுத் திரை கறுத்தது என்று எழுதுகிறார்கள். 173 எப்படி 165-இல் போகும்? மைனஸ் ஆர் போட்டிருந்தால் தாராளமாகப் போயிருக்கும். (மைனஸ் ஆர் 60-இன் மடங்குகளுக்கு மட்டுமே வேலை செய்யும், 75 கேட்டால் மறுக்கும்.)

அதே கணக்கில்: எச்டிஎம்ஐ 1.4 340 மெகாஹெர்ட்ஸ் வரை, 2.0 600 வரை. 4கே 30 ஹெர்ட்ஸுக்கு 297, 60-க்கு 594. "4கே வருகிறது, ஆனால் 30-க்கு மேல் போகவில்லை" என்றால் டிரைவரைத் திட்டாமல் கேபிள், அடாப்டர், கேவிஎம், டாக் இவற்றில் எது 1.4-லேயே நிற்கிறது என்று தேடுங்கள். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 2.0-ஐ மானிட்டரின் சொந்த மெனுவிலேயே இயக்க வேண்டியிருக்கும். அதுவரை ஈடிஐடி-யே 60-ஐச் சொல்லாது. ஏஎம்டி கார்டில் 4கே 120 எச்டிஎம்ஐ-யில் முழு நிறத்தோடு வரவில்லை என்பது தனிக் கதை: எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி வைத்த முன்மொழிவை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் நிராகரித்தது. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

---

வேலந்து

இதே பிரச்சினையோடு வேறு கார்டு, வேறு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களும் வருவார்கள், அவர்களுக்காக.

வேலேண்ட் (எக்ஸ்.ஆர்க்குக்குப் பதிலாக வந்த புதிய திரை அமைப்பு) செஷனில் எக்ஸ்ரேண்டர் ஓட்டினால் எக்ஸ்வேலேண்ட்0 என்று ஓர் அவுட்புட் வரும். அது எக்ஸ் நிரல்களுக்குக் காட்டப்படும் போலித் திரை. அதில் மோடு சேர்ப்பதால் உண்மையான மானிட்டருக்கு ஒன்றும் ஆகாது. கேடிஈ-யில் கேஸ்க்ரீன்-டாக்டர், ஸ்வே போன்ற டபிள்யூஎல்ரூட்ஸ் வகையில் டபிள்யூஎல்ஆர்-ரேண்டர், க்னோம் 48 முதல் ஜிடிசிடிஎல். க்னோமில் பழைய மானிட்டர் அமைப்பு விடாமல் ஒட்டிக்கொண்டால் வீட்டு அடைவின் .கான்ஃபிக் உள்ளே மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் ஃபைலை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள்.

இன்டெல், ஏஎம்டி, நூவோவில் கர்னல் மட்டத்திலேயே சரிசெய்யலாம், அதனால் எக்ஸ், வேலேண்ட் எதுவானாலும் சரி. எடுத்த ஈடிஐடி-யை /லிப்/ஃபர்ம்வேர்/ஈடிஐடி அடைவில் போட்டு, கர்னல் வரியில் டிஆர்எம்.ஈடிஐடி_ஃபர்ம்வேர் அளவுருவுக்கு "எச்டிஎம்ஐ-ஏ-1:ஈடிஐடி/மானிட்டர்.பின்" என்ற வடிவில் கொடுங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது இனிஷியல் ராம்டிஸ்கில் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு). டிரைவர் அங்கேயே ஏறிவிட்டால் ரூட் பார்ட்டிஷன் இன்னும் திறந்திருக்காது, ஃபைல் கிடைக்காது, கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஸேஜில் "ஃபெயில்டு வித் எரர் -2" என்று வரும். பின் ஃபைலை ராம்டிஸ்கிலும் சேர்க்க வேண்டும்: டெபியன் குடும்பத்தில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் ஹுக்ஸ் அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட், ட்ராகட்டில் இன்ஸ்டால்_ஐட்டம்ஸ், ஆர்ச்சின் எம்கேஇனிட்சிபிஐஓ-வில் ஃபைல்ஸ் வரி.

ஈடிஐடி ஃபைலே இல்லாதவர்கள் வீடியோ அளவுருவில் "எச்டிஎம்ஐ-ஏ-1:2560×1440எம்ஆர்@60" என்ற வடிவில் கொடுக்கலாம். நடுவில் பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்து. எம் என்றால் சிவிடி கணக்கு, ஆர் என்றால் ஹரி சொன்ன குறைந்த வெற்றுநேரம். முடிவில் சிறிய இ சேர்த்தால் இணைப்பு இல்லாவிட்டாலும் கட்டாயமாக இயக்கும். என்விடியாவின் சொந்த டிரைவரில் இதை நம்பி இறங்க வேண்டாம்.

பெயர் விஷயத்தில் கவனம். ஒரே வாய்க்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும்: கர்னலில் எச்டிஎம்ஐ-ஏ-1, எக்ஸின் மோட்செட்டிங் டிரைவரில் எச்டிஎம்ஐ-1, பழைய இன்டெல் டிரைவரில் எச்டிஎம்ஐ1, ஏஎம்டியின் எக்ஸ் டிரைவரில் எச்டிஎம்ஐ-ஏ-0, என்விடியாவில் எச்டிஎம்ஐ-0. எக்ஸ்ரேண்டரில் கண்ட பெயரைக் கர்னல் வரியில் எழுதினால் எந்தப் பிழையும் வராது, எந்தப் பலனும் இருக்காது.

இன்னொன்று, ஏஎம்டி புதுக் கார்டும் பழைய டிஸ்ட்ரோவும் என்றால் டிமெஸ்ஸேஜில் ஏஎம்டிஜிபியு வரிகளில் ஃபர்ம்வேர் லோட் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். டெபியனில் அது ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் பேக்கேஜ். டெபியன் 12 முதல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது.

---

மின்மினி

கஸ்டம்ஈடிஐடி வேலை செய்துவிட்டது. கேவிஎம் எந்தப் பக்கம் இருந்தாலும் 2560×1440 வருகிறது, லாகின் திரையிலும் அதே அளவு. @ஹெர்ட்ஸ்_ஹரி மைனஸ் ஆர் போடவில்லை, 312.25-தான். ஒரு சந்தேகம்: எக்ஸ்ரேண்டரில் 60 என்று வராமல் 59.95 என்று வருகிறது. சரிசெய்ய வேண்டுமா?

---

ஹெர்ட்ஸ்_ஹரி

வேண்டாம், அதுதான் சரி. 2720-ஐ 1481-ஆல் பெருக்கினால் ஒரு ஃபிரேமுக்கு 40,28,320 பிக்சல் துடிப்பு. 24,15,00,000-ஐ அதனால் வகுத்தால் 59.95. சிவிடி கிளாக்கை கால் மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கீழே இறக்கி நிறுத்துவதால் வரும் வித்தியாசம் அது.

---

பிக்சல்பாண்டி

மானிட்டரை மாற்றினால் அந்த 20-ஈடிஐடி.கான்ஃப்-ஐ முதலில் நீக்குங்கள். இல்லையென்றால் புது மானிட்டருக்கும் பழையதன் ஈடிஐடி-யே போய்ச்சேரும். அது 1440-ஐத் தாங்காத மானிட்டர் என்றால் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று மட்டும் காட்டும். அப்படி மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 போய் ஃபைலை அழித்து, லாகின் திரையைத் தரும் லைட்டிஎம்-ஐ ரீஸ்டார்ட் செய்யலாம். டெக்ஸ்ட் கன்சோலுக்கு எக்ஸின் கான்ஃப் ஃபைல் செல்லாது, அங்கே படம் வரும்.